ஊட்டி உயரத்தில் ஒரு நாடா முடிச்சு

சென்னையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது இடுப்பில் சரியாக நின்ற உள்பாவாடை நாடா, விமானம் ஏறிய ஒரு மணி நேரத்தில் அறுக்க ஆரம்பிக்கும். பழியை விமானச் சாப்பாட்டின் மேல் போட்டுவிடுவோம். அங்கே நடப்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான்: வெப்பநிலை மாறாமல் அழுத்தம் குறைந்தால் வாயு விரியும்.

விமானம் 35,000 அடியில் பறக்கும்போது உள்ளே காற்றை அடைத்து அழுத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்குக் கூட்டுவதில்லை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் கூடு அதிகமாகப் புடைத்து அடங்கும்; அதன் உலோகம் சீக்கிரம் களைத்துப்போகும், இல்லையென்றால் கூட்டை இன்னும் கனமாகக் கட்டவேண்டும். அதனால் வழக்கமான பறத்தலில் உள்ளழுத்தம் 8,000 அடி, அதாவது 2,438 மீட்டர் உயரத்தில் இருப்பதைவிடக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலைச்சரிவில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் கூடு கார்பன் இழையால் ஆனது. அங்கே 6,000 அடி அளவில் வைக்க முடிகிறது. அது குன்னூர்.

கடல்மட்டத்தில் 1,013 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடியில் சுமார் 753தான். குடலுக்குள் ஒரு லிட்டர் வாயு இருந்தால் அது 1.3 லிட்டரைத் தாண்டும். உட்காரும்போதே இடுப்புச் சுற்று நிற்கும்போது இருப்பதைவிடக் கூடுதல். அதோடு இதுவும் சேர்கிறது. கால் அங்குல அகல நாடா அந்த விரிவு முழுவதையும் ஒரே கோட்டில் தாங்குகிறது. வயிற்றை இப்படி இறுக்கினால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறி நெஞ்சும் கரிக்கும்.

விமானத்துக்கு உடை தேர்ந்தெடுப்பதில் நாம் செய்யும் அடிப்படைத் தவறு, கண்ணாடி முன்னால் நின்று தேர்ந்தெடுப்பது. அணியப்போவது நிற்கும் உடம்பு இல்லை. முட்டியும் இடுப்பும் மடங்கி, வயிறு புடைத்து, கால் வீங்கி, விரல்கள் சில்லிட்டு உட்கார்ந்திருக்கும் உடம்பு. வீட்டு நாற்காலியில் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே பாதி உடைகள் தேர்வில் தோற்றுவிடும். உட்கார்ந்த நிலையில் இடுப்புப் பட்டைக்குள் நான்கு விரல் தாராளமாக நுழையவேண்டும். பட்டை இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில் எலாஸ்டிக்காக இருந்தால் அழுத்தம் பரவிப்போகும். முன்பக்கம் உலோகப் பொத்தான் வைத்த ஜீன்ஸ் இந்த இடத்தில் மிக மோசம். இருக்கைப் பட்டை தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படியும் அதே இடத்தில்தான் அந்தப் பொத்தானும் இருக்கும். கம்பி வைத்த உள்ளாடைக்கும் இதே கதை. வயிறு புடைக்கையில் உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது, கம்பி விலாவில் பதிகிறது. கம்பியில்லாத ரகம் பரிசோதனை வாசலிலும் ஒலி எழுப்பாது.

அடுத்தது குளிர். கேபினில் பெரும்பாலும் 22 முதல் 24 டிகிரிதான். சென்னையில் வீட்டு ஏசியை 24-ல் வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் விமானத்தில் ஏன் நடுங்குகிறார்கள்? காற்று தலைக்கு மேலிருந்து இறங்கி, தரையோரம் உள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. அந்த ஓட்டத்தில் நனைவது கால்கள். ஜன்னலோர இருக்கை என்றால், வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இருக்கும் வானத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் அளவுகூட இல்லாத சுவர். என்னதான் காப்பு வைத்திருந்தாலும் அது கேபின் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். உடம்பு தன் வெப்பத்தை அந்தச் சுவர் பக்கம் கதிர்வீசி இழந்துகொண்டே இருக்கும். தூங்கிவிட்டால் உடம்பு வெப்பம் உண்டாக்குவதும் சுமார் 30 சதவீதம் குறைகிறது. பெண்களின் விரல்கள் சராசரியாக ஆண்களுடையதைவிடச் சீக்கிரம் குளிர்பவை. அலுவலகக் கட்டடங்களின் வெப்பநிலைக் கணக்குகள் ஆண் உடம்பின் வெப்ப உற்பத்தியை வைத்தே போடப்பட்டவை, பெண்களுக்கு அவை பொருந்தவில்லை என்று 2015-ல் ஒரு டச்சு ஆய்வு காட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் அரைக்கையில் குறட்டை விடுவதைப் பார்த்து நம்மை நாமே சந்தேகிக்க வேண்டியதில்லை.

உடையின் வெப்பக்காப்பை அளக்க ‘க்ளோ’ என்று ஓர் அலகு உண்டு. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கப் போதுமான காப்புதான் 1 க்ளோ. ஏறக்குறைய ஒரு முழு கோட்டு சூட்டு. முழுக்கை பருத்திக் குர்தி சுமார் 0.25, மெல்லிய பேன்ட் 0.15, முட்டிவரை சாக்ஸ் 0.06, உள்ளாடைகள் 0.04. கூட்டினால் 0.5. விமானத்தில் விழித்திருக்கும்போதே இது சற்றுக் குறைவு. தூங்கினால் நிச்சயம் போதாது. மெல்லிய முழுக்கை ஸ்வெட்டர் 0.25 சேர்க்கும். மீதியை ஒரு ஷால் பார்த்துக்கொள்ளும். ஒரே தடித்த ஜாக்கெட்டை விட இரண்டு மெல்லிய அடுக்குகள் நல்லது என்பதற்குக் காரணம், காப்பு தருவது துணி அல்ல, துணிக்கும் துணிக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்று. தவிர, மீனம்பாக்கத்தில் வரிசையில் வியர்க்கும்போது கழற்றுவதற்கும் ஏதாவது வேண்டுமே. பாதுகாப்புச் சோதனையில் மேலங்கியைக் கழற்றித் தட்டில் போடச் சொல்வார்கள் என்பதால், உள்ளே இருப்பது தனியாகவும் பார்க்க நன்றாக இருக்கவேண்டும்.

வியர்வை என்றதும் துணியின் இழைக்கு வரவேண்டியிருக்கிறது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம், பட்டு 11, கம்பளி 16 சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். வெளிவானின் உறைகாற்றில் நீராவி ஏறக்குறைய இல்லை. அதைச் சூடாக்கி உள்ளே விடுவதால் கேபினின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எழுபது, எண்பது சதவீதத்தில் வாழ்ந்து பழகிய சென்னைக்காரர்களுக்கு, ஜார்ஜெட் புடவையோ நைலான் லெக்கிங்ஸோ காலோடு ஒட்டிக்கொண்டு விடாமல் இழுப்பது புது அனுபவமாக இருக்கும். அது நிலைமின்சாரம். நம் ஊரில் துணியின் மேல் படியும் ஈரம் அந்த மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடுகிறது. கேபினில் அது போக வழியில்லை. உள்ளே பருத்திப் பாவாடை போட்டாலும், காலில் லோஷன் தடவினாலும் தீரும். லோஷன் வறண்ட சருமத்தையும் காப்பாற்றும், இரட்டை லாபம்.

பருத்தியின் குறை, கசங்கல். பருத்தி, லினன், ரேயான் எல்லாம் செல்லுலோஸ். அதன் நீண்ட மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும். ஈரமும் சூடும் பட்டால் அந்தப் பிணைப்புகள் அவிழும். காய்ந்ததும், துணி அப்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மறுபடி கட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவதன் ரகசியம் இதுதான். பத்து மணி நேரம் உட்காரும்போது வியர்வை தண்ணீராகவும், தொடை சூடாகவும், உடல் எடை அழுத்தமாகவும் இருந்து, மடிப்புகளையே கவனமாக இஸ்திரி போட்டுத் தருகின்றன. அதில் லினன் முதலிடம். படங்களில் அழகாகத் தெரியும் லினன் பேன்ட், லண்டன் ஹீத்ரோவில் இறங்கும்போது கசக்கி எறிந்த காகிதம்போல் இருக்கும். பாலியஸ்டர் இளகத் தொடங்க எழுபது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் உடம்புச் சூட்டுக்கு மசியாது.

நடுவழி, நெய்யாமல் பின்னிய துணி. திருப்பூர் பாஷையில் பனியன் துணி. நெசவில் நூல்கள் குறுக்கும் நெடுக்கும் மாட்டிக்கொண்டு நேராகக் கிடக்கின்றன. மடித்தால் மடிப்பு நூலில் விழும். பின்னலில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால், மடித்தாலும் வளையம் நழுவி வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். பருத்திப் பின்னலில் 5 சதவீதம் எலாஸ்டேன் (ரப்பர்போல் இழுபட்டுத் திரும்பும் இழை) கலந்திருந்தால் முட்டிப் பக்கம் தொளதொளத்துத் தொங்காது. கனமான, அடர்நிறப் பின்னல் பேன்ட், அதன் மேல் தொடைவரை வரும் சிறு பூப்போட்ட குர்தி: இறங்கும்போதும் பார்க்கும்படி இருக்கும் சேர்க்கை இது. கசங்கல் நம் கண்ணுக்குத் தெரிவது அதன் நிழலால்தான். நுணுக்கமான அச்சு அந்த நிழலைக் கலைத்துவிடும். பளபளக்கும் ஒற்றைநிற சாட்டின் ஒவ்வொரு மடிப்பையும் விளக்குப் போட்டுக் காட்டும்.

புடவை கட்டிக்கொண்டு போகலாமா? தாராளமாக. ஏர் இந்தியா பணிப்பெண்கள் பல பத்தாண்டுகளாகப் புடவையில்தான் பறக்கிறார்கள். 2023 டிசம்பரில் வெளியான அவர்களுடைய புதிய சீருடையிலும், மனீஷ் மல்ஹோத்ரா வடிவமைத்த முன்தைத்த புடவை இருக்கிறது. ஆனால் அவர்கள் நடந்துகொண்டே இருப்பவர்கள். உட்கார்ந்திருப்பவருக்குக் கொசுவம் முழுவதும் இருக்கைப் பட்டைக்கு அடியில் ஒரு கட்டையாகத் திரண்டுவிடும். கொசுவத்தை இடப்பக்கமாகச் சற்றுத் தள்ளிச் செருகி, எலாஸ்டிக் இடுப்புள்ள பாவாடை போட்டால் சமாளிக்கலாம். துணியில் க்ரேப் பட்டு நல்லது: நூலை மிகுதியாக முறுக்கி நெய்வதால் வில்போல் நிமிரும், கசங்காது. கனத்த ஜரிகை வேண்டாம். அசல் ஜரிகை வெள்ளி சுற்றிய பட்டு நூல். பாதுகாப்புச் சோதனையில் உடம்பு முழுவதையும் பார்க்கும் மில்லிமீட்டர் அலை ஸ்கேனரின் கதிர்கள் காய்ந்த துணியை ஊடுருவிச் சென்றுவிடும், உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடும். திரையில் அந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் கையால் சோதிப்பார்கள். ஊக்கு, கொண்டை ஊசி, உலோகத்தட்டு வைத்த செருப்பு எல்லாமே தாமதம். உடலோடு ஒட்டித் தைத்த ஜம்ப்சூட்டைப் பற்றி ஒரே வரி: சுமார் மூன்றடிச் சதுரக் கழிப்பறையில், ஈரத்தரை மேல், தோளிலிருந்து கழற்றிப் பாருங்கள்.

கால்களுக்கு வருவோம். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம், உட்கார்ந்தால் 50-க்குச் சற்று மேல், நடந்தால் 30-க்கும் கீழே. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுவதே இதற்குக் காரணம். உட்கார்ந்தால் அந்த பம்ப் நின்றுவிடும், நீர் திசுவுக்குள் கசிந்து பாதம் வீங்கும். ஷூவைக் கழற்றியதும் வெளியிலிருந்து இருந்த அழுத்தமும் போய்விடும். இறங்கும் நேரத்தில் பழையபடி நுழையாது. எனவே கயிறோ வெல்க்ரோவோ வைத்த, ஏற்கனவே பழகிய ஷூ. மெட்டியை விரிக்க முடிகிற, வாய் திறந்த ரகமாக மாற்றிக்கொள்வது நல்லது. மூடிய வளையம் வீங்கிய விரலில் வெட்டும், கழற்றவும் வராது.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் கால் சிரையில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்கிறது. அப்போதும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் என்பது ஆறுதல். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம்; அவர்கள் மருத்துவரைக் கேட்டு அழுத்தக் காலுறை வாங்கலாம். 15–20 மி.மீ. பாதரசம் என்று அட்டையில் போட்டிருக்கும் ரகம் பயணத்துக்குரியது. அழுத்தம் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கவேண்டும். காலையில், வீக்கம் வருவதற்கு முன், கணுக்காலின் மெல்லிய இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் நாடாவால் அளந்து வாங்க வேண்டும். நீளம் மிஞ்சுகிறதே என்று மேல் விளிம்பை மடித்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு மடங்கு இழுவிசை ஒரு விரல் அகலத்தில் குவிந்து, ரத்தத்தை மேலே அனுப்பவேண்டிய காலுறையே அதைக் கட்டிப்போடும்.

யாரும் நினைக்க விரும்பாத ஒன்றும் இருக்கிறது. எல்லோரும் 90 விநாடியில், பாதி வாசல்கள் வழியாக மட்டுமே வெளியேற முடியும் என்று காட்டிய பிறகே விமானத்துக்கு அனுமதி கிடைக்கும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் வாசலில் விரியும் காற்றடைத்த அவசரச் சறுக்குகளில் இறங்கித் தப்பினார்கள். ஊசிக் குதிகால் சறுக்கைக் கிழிக்கும். நைலானும் பாலியஸ்டரும் 220 முதல் 260 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் கம்பளியும் உருகாது. முழங்காலுக்குக் கீழே வரும் பேன்ட்டும் முழுக்கையும் சறுக்கில் உராய்வுக் காயத்தைக் குறைக்கும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஷூ காலில் இருக்கட்டும், கழற்றுவதெல்லாம் நடுவானில்.

கீழிறங்கத் தொடங்கும்போது கேபின் அழுத்தம் மெல்ல ஏறும், காது அடைக்கும், வயிறும் பழைய அளவுக்கு வரும். நடுவழியில் நாடாவைத் தளர்த்தியிருந்தால், எழுந்து மேலே பையை எட்டுவதற்கு முன் ஞாபகமாக மறுபடி முடிந்துகொள்ளுங்கள்.