புரோரோக்: முடக்கமா, முடித்துவைப்பா?

2022 பிப்ரவரியில், அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்த ஜெகதீப் தன்கர் ஓர் உத்தரவு போட்டார். பிப்ரவரி 12 முதல் மாநிலச் சட்டமன்றம் ‘புரோரோக்’ செய்யப்படுகிறது என்பதுதான் விஷயம். தமிழில் அந்தச் செய்தி ‘மேற்கு வங்க சட்டசபை முடக்கம்’ என்று வந்தது. சட்டமன்றத்துக்கே ஆளுநர் பூட்டுப் போட்டுவிட்டார் என்று படித்தவர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழக முதல்வர் ஸ்டாலின் கண்டித்து ட்விட்டரில் எழுதினார். மாநில அரசு கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்று தன்கர் பதில் கொடுத்தார். நடந்தது, கூட்டத்தொடரை முடித்துவைக்கும் வழக்கமான ஒரு நடைமுறைதான்.

சட்டமன்றம் ஐந்தாண்டுக் காலத்தில் பல கூட்டத்தொடர்களை நடத்துகிறது. பட்ஜெட் கூட்டத்தொடர் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு தொடருக்குள்ளும் பல நாள் கூட்டங்கள் உண்டு. அன்றைய கூட்டத்தை மறுநாளுக்கோ, தேதி குறிப்பிடாமலோ தள்ளி வைப்பது பேரவைத் தலைவரின் வேலை. அது ஒத்திவைப்பு. அந்தத் தொடரையே முடித்துவிடுவது ஆளுநரின் வேலை. அதுதான் புரோரோக். அரசியல் சட்டத்தின் 174ஆம் பிரிவு இந்த அதிகாரத்தை ஆளுநருக்குத் தருகிறது. அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் அதைச் செய்ய வேண்டும். அவையைக் கலைப்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் கலைத்தால் உறுப்பினர்களின் பதவியே போய்விடும். தொடரை முடித்துவைத்தால் யாருடைய பதவிக்கும் ஆபத்தில்லை, நிலுவையில் உள்ள மசோதாக்களும் காலாவதியாகாது.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். ‘ரோகாரே’ என்றால் கேட்பது. ரோமில் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டுமென்றால் மக்கள் முன் வைத்து ஒப்புதல் கேட்பார்கள். ‘புரோரோகாரே’ என்பது இருக்கும் பதவிக்காலத்தை நீட்டித்துத் தரக் கேட்பது. கி.மு. 327இல் பப்ளிலியஸ் பிலோ என்ற கான்சல் (ஆட்சிக்கும் படைக்கும் தலைமை தாங்கும் ரோம உயர் பதவியாளர்) நேப்பிள்ஸ் நகரை முற்றுகையிட்டிருந்தபோது அவருடைய ஓராண்டுப் பதவி முடியும் தறுவாயில் இருந்தது. பாதி வேலையில் தளபதியை மாற்றுவானேன் என்று அவருடைய படை அதிகாரத்தை மட்டும் நீட்டித்தார்கள். ரோம வரலாற்றில் இப்படி நீட்டிப்புப் பெற்ற முதல் ஆள் அவர்தான். ஆக, பிறந்தபோது இந்தச் சொல்லுக்குப் பொருள் ‘நீட்டித்தல்’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நீட்டித்தல் தள்ளிப்போடுதலாகி, கடைசியில் நாடாளுமன்றத் தொடரை முடித்துவைப்பதற்குப் பெயராகிவிட்டது. கிட்டத்தட்ட எதிர்ப்பதம்!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘முடக்கம்’ கூடாது என்பது என் கட்சி. கை முடங்கினால் அது வேலை செய்யாது, வங்கிக் கணக்கை முடக்கினால் பணம் எடுக்க முடியாது. இயங்க வேண்டியதை இயங்கவிடாமல் செய்வது முடக்கம். சட்டமன்ற விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 2014 மார்ச்சில் ஆந்திரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது, சட்டமன்றத்தை உடனே கலைக்காமல் செயல்படாத நிலையில் வைத்திருந்தார்களே, அது முடக்கம். அதற்கும் இதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

‘ஒத்திவைப்பு’ம் சரிவராது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இதற்கு அந்தச் சொல்லைப் பார்க்கலாம். 2018 அக்டோபரில் ஜனாதிபதி சிறிசேன செய்ததும் புரோரோக்தான். ஆனால் சபாநாயகர் செய்வதும் ஒத்திவைப்பு, ஜனாதிபதி செய்வதும் ஒத்திவைப்பு என்றால் வித்தியாசம் எங்கே?

அந்த வித்தியாசம் வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ஐந்தாவது தமிழகச் சட்டமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 தேர்தலில் 234 இடங்களில் 184ஐ தி.மு.க. பிடித்திருந்தது. கே.ஏ. மதியழகன் பேரவைத் தலைவர். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியிலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். நவம்பர் 13 அன்று மதியழகன், அவையைக் கலைத்துவிட்டு மக்களிடம் போகலாமே என்று முதல்வர் கருணாநிதிக்கு யோசனை சொல்லி, அவையை டிசம்பர் 5க்கு ஒத்திவைத்தார். அரசுக்கோ அதற்கு முன்பே அவை கூடியாக வேண்டும். தலைவர் ஒத்திவைத்த தேதியை அமைச்சரவை மாற்ற முடியாது. அப்போதுதான் ஆளுநர் கே.கே. ஷா கூட்டத்தொடரை முடித்துவைத்தார். தொடரே முடிந்துபோனால் அதற்குள் குறித்த தேதி எங்கே நிற்கும்? டிசம்பர் 2க்குப் புதுத் தொடர் அழைக்கப்பட்டது. அன்று தலைவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டுத் துணைத் தலைவர் சீனிவாசன் உட்கார, ஒரே அவையை இரண்டு பேர் நடத்திய கூத்து நடந்தது. மதியழகன் அன்றே பதவி நீக்கப்பட்டார்.

இதற்கு முன்னோடி பஞ்சாப். 1968 மார்ச்சில் அங்கே பேரவைத் தலைவர் இரண்டு மாதத்துக்கு அவையை ஒத்திவைத்துவிட்டார். பட்ஜெட் நிறைவேறாமல் நின்றது. ஆளுநர் தொடரை முடித்துவைத்து, அவசரச் சட்டம் ஒன்றைப் போட்டு, அவையை மறுபடி கூட்டினார். அது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அவசரச் சட்டம் என்றேனே, அதிலும் இந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. பேரவை கூட்டத்தொடரில் இருக்கும்போது ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்திருந்தாலும் தொடர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அதை முடித்துவைத்தால்தான் வழி பிறக்கும்.

முடித்துவைக்காமல் விடுவதிலும் அரசியல் உண்டு. ஆண்டின் முதல் கூட்டத்தொடர் ஆளுநர் உரையோடு தொடங்க வேண்டும். 2022 மார்ச்சில் தெலங்கானா அரசு, பழைய தொடரே முடியவில்லை, இது அதன் தொடர்ச்சிதான் என்று சொல்லி, ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் உரை இல்லாமலேயே பட்ஜெட் கூட்டத்தை நடத்தியது.

தமிழக நாளிதழ்கள் உள்ளூர்ச் செய்தியில் ‘சட்டப்பேரவைக் கூட்டத்தொடர் முடித்துவைப்பு’ என்று சரியாகவே எழுதிவருகின்றன. அந்தச் சொல்லே போதும், புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இடத்தை மிச்சம் பிடிக்க ‘பேரவை முடித்துவைப்பு’ என்று சுருக்கக் கூடாது. முடிவது தொடர், பேரவை அப்படியே இருக்கிறது.