எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 600 என்று போட்டிருந்தால் போதுமா?

இந்த வாரம் மறுபடியும் ஒன்று சர்வீஸுக்கு வந்தது. மாதக்கணக்கில் காசு சேர்த்து, பார்ட் பார்ட்டாக வாங்கி, வீடியோ பார்த்துத் தானே அசெம்பிள் செய்த பிசி. ஒயரிங்கூட அழகாக இழுத்துக் கட்டியிருந்தது. கொண்டுவந்த தம்பி சொன்னது இதுதான்: “அண்ணே, கேம் ஆடும்போது மட்டும் திடீர்னு ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. விண்டோஸ் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். நேத்துலருந்து டிஸ்ப்ளேயே வரல.”

எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைப் பிசிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை, செத்திருந்தது. போனது தனியாகப் போகவில்லை. கிராஃபிக்ஸ் கார்டில் 12 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் மீட்டர் வைத்தால் விடாமல் பீப் அடிக்கிறது, முழு ஷார்ட். மதர்போர்டும் எழுந்திருக்கவில்லை. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் விழுங்கிய இரண்டு பொருளும், பட்ஜெட்டிலேயே மிகக் குறைவாகச் செலவழித்த பொருளால் போயிற்று. “600 வாட்ஸ்ண்ணே, எனக்கு 300தான் தேவைன்னு கால்குலேட்டர் காட்டுச்சு, டபுளா இருக்கேன்னுதான் வாங்கினேன்” என்கிறான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. வருகிறவர்களெல்லாம் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட் எண்ணைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள். அந்த எண் யாரும் சரிபார்த்த எண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மலிவு யூனிட்களில் அது மாடல் பெயரின் ஒரு பகுதி மட்டுமே. யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன அட்டவணை ஒட்டியிருக்கும். +3.3, +5, +12, -12, +5எஸ்பி என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். இந்தத் தம்பியின் யூனிட்டில் 18 ஆம்பியர். 12 பெருக்கல் 18, 216 வாட். அவன் வாங்கிய 600 அவ்வளவுதான்.

ஏன் 12 வோல்ட்டை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்? இன்றைய கேமிங் பிசியில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 3.3-க்கும் 5-க்கும் எத்தனை ஆம்பியர் அள்ளிப் போட்டிருந்தாலும் கேமுக்கு அது உதவாது. இன்னொரு வேலையும் செய்வார்கள்: 12வி1-க்கு 14 ஆம்பியர், 12வி2-க்கு 15 ஆம்பியர் என்று இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள். இரண்டையும் கூட்டி 29 என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கீழே 12 வோல்ட்டின் மொத்தம் இத்தனை வாட் என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதுதான் கணக்கு. அந்த வரியே இல்லையென்றால் யூனிட்டைக் கீழே வைத்துவிட்டு நகருங்கள். நல்ல கம்பெனியின் 550 வாட் யூனிட்டில் 12 வோல்ட் மட்டுமே 540 வாட்டை ஒட்டி இருக்கும். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

செத்த யூனிட்டைத் திறந்து அந்தத் தம்பிக்கும் காட்டினேன். (நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.) மெயின்ஸ் உள்ளே வரும் இடத்தில் ஃபில்டர் காயில் உட்கார போர்டில் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். காயில் இல்லை. அந்த இடத்தில் இரண்டு கம்பித் துண்டை வளைத்து சால்டர் செய்திருக்கிறார்கள். ஹீட்சிங்க் தகடு போல மெல்லிசு. அவுட்புட் பக்கம் இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பி, ஒன்றின் மேலே பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. ஓவர் வோல்டேஜ் வந்தால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு வேலை செய்திருந்தால் எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருக்கும். கார்டு பிழைத்திருக்கும்.

அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். கேம் ஆடும்போது மட்டும் ஆஃப் ஆனதுதான் எச்சரிக்கை. டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு சொற்பமாகத்தான் இழுக்கும், கேம் ஆரம்பித்தவுடன் முழு பாரம் விழும். 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே போகக்கூடாது, 12.6-க்கு மேலே ஏறக்கூடாது, பல வருடமாக இருந்த விதிமுறை அதுதான். மலிவு யூனிட் அந்த பாரத்தில் தொய்ந்துவிடும், பிசி அணையும். நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று ஒரு வரி விழும். அதைப் பார்த்துவிட்டு விண்டோஸில்தான் கோளாறு என்று ரீஇன்ஸ்டால் செய்கிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதைத் தவிர அந்த வரி வேறெதுவும் சொல்லவில்லை. லோடில் மட்டும் பிசி அணைந்தால், தயவுசெய்து கேமை நிறுத்துங்கள். முதலில் தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாற்றிப் பாருங்கள். “கொஞ்ச நாள் ஓடட்டும்” என்று விட்ட பிசிகள்தான் என் மேசைக்கு முழுச் சவமாக வருகின்றன.

அடுத்த நம்பிக்கை யூனிட்டின் மேல் இருக்கும் 80 பிளஸ் முத்திரை. அந்த முத்திரை எஃபிஷியன்சிக்கு மட்டும்தான். 20, 50, 100 சதவீத லோடில் எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் வெளியே வருகிறது என்பதைச் சொல்லும். ஓவர் கரன்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அது சொல்லாது. முத்திரை இல்லாத யூனிட்டை எடுக்கவே வேண்டாம், ஆனால் முத்திரை இருப்பதாலேயே நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள். ‘80 சதவீத எஃபிஷியன்சி’ என்று தானாக அச்சடித்துக்கொண்ட லேபிள் முத்திரையே அல்ல. சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் 80 பிளஸ் தளத்திலேயே இருக்கிறது, மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பிறகு அதே மாடலை லோடு டெஸ்டரில் போட்டுச் சோதித்த ரிவ்யூ ஒன்றைப் படியுங்கள். ஃபேனின் கலரைப் பற்றிப் பேசும் ரிவ்யூ ரிவ்யூ அல்ல. கம்பெனி 5 வருடமோ அதற்கு மேலோ வாரண்டி தருகிறதா என்றும் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு பயம் இருக்கிறது: “பெருசா போட்டா கரண்ட் பில் ஏறும்.” ஏறாது. பிசி கேட்பதையும் வழியில் வீணாகும் கொஞ்சத்தையும் தாண்டி எஸ்எம்பிஎஸ் இழுக்காது.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? ஐ5 12400எஃப் போன்ற பிராசசர் டர்போவில் (தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்போது) 117 வாட் வரை போகலாம். கிராஃபிக்ஸ் கார்டில் ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட், ஆர்எக்ஸ் 6600 என்றால் 132 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50 வைத்துக்கொள்ளுங்கள். 300 வாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி எகிறி இழுக்கும், அதனால் ஓர் இடைவெளி வேண்டும். எஸ்எம்பிஎஸ்களுக்கென 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்த எகிறலையும் கணக்கில் எடுத்துக்கொண்டே எழுதப்பட்டது. இந்த மாதிரி பட்ஜெட் பிசிக்கு நாணயமான 500 அல்லது 550 வாட் தாராளம். 850-க்கும் ஆசைப்பட வேண்டாம், பெயரளவில் 600-க்கும் ஏமாற வேண்டாம்.

கேபிளைப் பற்றி இரண்டு வார்த்தை, கொஞ்சம் கடுமையாகவே. எஸ்எம்பிஎஸ்ஸில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 பின், 8 பின் இல்லையென்றால் அந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்கு உரியதல்ல. சாட்டா பவரிலிருந்து (ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டிக்குப் போகும் கனெக்டர்) கன்வெர்ட்டர் மாட்டிச் சமாளிக்காதீர்கள். ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தாங்கும். 6 பின்னில் கார்டு 75 வாட் வரை, 8 பின்னில் 150 வாட் வரை இழுக்கலாம். உருகி ஒட்டிக்கொண்ட கன்வெர்ட்டர்களை நோஸ் பிளையர் வைத்துப் பிடுங்கி எனக்கு அலுத்துவிட்டது. மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடியது) வைத்திருப்பவர்கள் வேறு யூனிட்டின் கேபிளை எடுத்துச் செருகாதீர்கள், கனெக்டர் பொருந்தினாலும் சரி. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி செத்தால் உள்ளே இருக்கும் டேட்டாவும் போகும்.

மீதிக் காசை எங்கே போடுவது? கேமிங் பிசியில் பட்ஜெட்டின் மூன்றில் ஒரு பங்காவது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும், இன்னும் கொஞ்சம் ஏறினாலும் தவறில்லை. அதற்கு அடுத்த இடம் பிராசசருக்கு. கலர் லைட், கண்ணாடி கேபினட், லிக்விட் கூலர், ஓவர்கிளாக் (பிராசசரை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யப்போகாதவருக்கு ஓவர்கிளாக் போர்டு, இதையெல்லாம் வெட்டுங்கள். காற்றுப் போக முன்னால் சல்லடை இருக்கும் சாதாரண கேபினட் போதும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது கார்டிலும் நடக்கிறது. ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபிக்கு 2560 கோர், 6 ஜிபிக்கு 2304 கோர். மெமரிக்குப் போய்வரும் பாதையான மெமரி பஸ்ஸும் 128 பிட்டிலிருந்து 96-ஆகக் குறைந்தது. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்குகிறார்கள். ஜிடி 1030-இல் முதலில் வந்தது ஜிடிடிஆர்5, 2018-இல் வந்த டிடிஆர்4 மாடலில் மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபியிலிருந்து 16.8-ஆக விழுந்தது. ஆர்எக்ஸ் 580 என்று விற்கும் பலவற்றின் கீழே 2048எஸ்பி, அதாவது 2048 கோர், என்று சின்னதாக இருக்கும். அசல் 580-இல் 2304. விற்பவரிடம் முழு மாடல் பெயரை எழுதி வாங்குங்கள்.

பழைய ஐ7 பிராசசரைப் போட்டு “ஐ7 பிசி” என்று விற்பதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஐ7 3770 வந்தது 2012-இல். நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-இல் வந்த ஐ3 12100எஃப்பிலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் கேமில் இது அதை ஓரங்கட்டிவிடும். பழையதில் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் வேலரன்ட் கேம் திறக்காது. வாங்கிவிட்டு வந்து கேட்டால் நான் என்ன செய்ய முடியும்?

போர்டு வாங்கும்போது பிராசசர் உட்காரும் சாக்கெட் மட்டுமல்ல, ரேம் வகையும் பாருங்கள். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4-உம் உண்டு, டிடிஆர்5-உம் உண்டு, ஒன்றுக்கு வாங்கிய ரேம் மற்றதில் ஏறாது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான். 16 ஜிபியை ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கி, போர்டு புத்தகத்தில் சொன்ன ஸ்லாட்டில் போடுங்கள். தனி கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போல உள் கிராஃபிக்ஸில் ஆடுபவர்களுக்கு இது மிக முக்கியம், அவர்களின் கிராஃபிக்ஸ் மெமரியே இந்த ரேம்தான். போட்டபின் பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்யுங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 2133-இலோ 2400, 2666-இலோதான் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144-ஐத் தேர்ந்தெடுங்கள், பல வீடுகளில் அது 60-இலேயே கிடக்கிறது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குவதை நான் தடுக்கமாட்டேன், பட்ஜெட்டுக்கு அது நல்ல வழிதான். ஆனால் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றிப் புது மாடல் போலக் காட்டும் சரக்கு சந்தையில் உண்டு. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் அப்படிப்பட்ட பலவற்றைப் போலி என்று அதுவே காட்டிவிடும். அரை மணி நேரமாவது முழு லோடில் ஓடட்டும். ஃபேன் சத்தம், சூடு, திரையில் புள்ளி அல்லது கோடு, மூன்றையும் கவனியுங்கள். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் மட்டும் வேண்டாம். அதற்குள் எத்தனை வருடம் ஓடிய கெப்பாசிட்டர் இருக்கிறது என்று வெளியிலிருந்து உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புதிதாகக் கட்டிய பிசியை ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் கசக்கிப் பாருங்கள். கனமான கேமை இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள், பிராசசர், கார்டு இரண்டின் சூட்டையும் பாருங்கள். ஒரு முறை அணைந்தாலும் பில்லோடு கடைக்குப் போங்கள். எஸ்எம்பிஎஸ் இன்னும் வாங்கவில்லையா? அதன் லேபிளைப் போட்டோ எடுத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் 12 வோல்ட் வரியைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.