போர்ட்ஃபோலியோ: ஓவியத்தொகை

இத்தாலிய மொழியில் ‘போர்த்தாரே’ என்றால் சுமத்தல். ‘ஃபோல்யோ’ என்றால் தாள். இரண்டும் சேர்ந்து, தாள்களை எடுத்துச் செல்லும் உறைக்குப் பெயரானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்து போர்ட்ஃபோலியோ ஆனது. இத்தாலியில் இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பணப்பை என்றும் பொருள் உண்டு.

உறையின் பெயர் உள்ளே இருப்பவற்றுக்கும் ஆகிவந்தது. அமைச்சருக்கு அது துறை. நம் பழைய செய்தித்தாள்களில் இலாகா. முதலீட்டாளருக்குக் கையிலுள்ள பங்குகளும் பத்திரங்களும்.

ஓவியர்களிடம் இச்சொல்லுக்கு இரண்டு பொருள். கல்லூரிச் சேர்க்கைக்கோ வேலைக்கோ காட்டும் மாதிரிப் படங்கள் ஒன்று. ஒரே கருவை வைத்து வரைந்து, அச்சிட்டு, வரிசைப்படுத்தி ஓவியரே வெளியிடும் படத்தாள்கள் இன்னொன்று. தமிழில் முதற்பொருள் மட்டும் பரவியிருப்பது எனக்கு வருத்தம்தான். ஏனென்றால், இரண்டாவது ஒரு முழுப் படைப்பு. ஒரு படத்தை உருவினால் மற்றவற்றின் பொருளும் குறைந்துபோகும்.

ஸ்பெயினில் ஓவியர் கோயா 1799இல் 80 செதுக்கோவியங்களை, அதாவது செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படங்களை, இப்படித்தான் வெளியிட்டார். அவை விற்பனைக்கு வந்தது மத்ரீத் நகரின் ஒரு வாசனைத் திரவியக் கடையில். நமக்குப் பக்கத்தில் வங்காள ஓவியர் ககனேந்திரநாத் தாகூர் இருக்கிறார். கல்கத்தா ஜோராசாங்கோ வீட்டிலேயே கல்லச்சுக் கருவியை வைத்து, கேலிச்சித்திரங்களைத் தொகை தொகையாக அச்சிட்டார். ஆங்கில மோகம் பிடித்த வங்காளக் கனவான்கள், சாதி ஆசாரம் பேசியவர்கள் என யாரையும் விடவில்லை. 1921இல் வந்த ‘நவ ஹுல்லோட்’ அவற்றில் ஒன்று. தனிப்படமாகப் பார்த்தால் சிரித்துவிட்டு நகரலாம். அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒரு காலத்தின் மேலுள்ள கோபம் தெரியும்.

சமகாலத்தில் ஒளிப்படக் கலைஞர் தயாநிதா சிங்கைச் சொல்லலாம். 2017இல் வந்த அவருடைய ‘மியூசியம் பவன்’ ஒரு பெட்டி. உள்ளே விசிறிமடிப்பாக விரியும் ஒன்பது சிறு ஒளிப்பட நூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கரு. வாங்கியவர் மேசைமேல் விரித்து வைத்துத் தம் வீட்டிலேயே கண்காட்சி நடத்தலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கலைத் தொகுப்பு’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் அருங்காட்சியகத்தின் சேகரிப்புக்கும் அதே சொல்தானே? நான் ‘ஓவியத்தொகை’ என்பேன். ‘தொகை’ நம் இலக்கணத்தில் வரையறை பெற்ற சொல். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், பாட்டுகளைக் கூட்டிய தொகைநிலைச் செய்யுளைச் சொல்லும்போது, ஒருவரே பாடியதாகவும் இருக்கலாம், பலர் பாடியதாகவும் இருக்கலாம் என்கிறது. பொருள், இடம், காலம், தொழில் ஆகியவற்றாலும் பாட்டாலும் அளவாலும் கூட்டலாம் என்கிறது. ஓர் ஓவியர் ஒரு பொருளைப் பற்றிய தம் படங்களைக் கூட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான வரையறை வேண்டுமா?

ஐங்குறுநூற்றிலும் இதே முறை உண்டு. மருதத்தின் நூறு பாட்டும் வேழப்பத்து, களவன்பத்து, எருமைப்பத்து என்று கருவுக்கு ஒரு பத்தாகப் பிரிந்து நிற்கின்றன. களவன் என்றால் நண்டு. பத்துப் படங்கள் கொண்ட தொகைக்குக் ‘கடற்பத்து’, ‘பனைப்பத்து’ என்று ஓவியர்கள் தாராளமாகப் பெயர் வைக்கலாம்.

சேர்க்கைக்குக் கொண்டுபோவது ‘மாதிரித் தொகுப்பு’. தோளில் மாட்டும் அட்டைப் பைக்குப் ‘படவுறை’ போதும்.