ஃபிலிம் என்றால் திரைப்படம் மட்டும்தானா?

போன மாதம் எழும்பூர்ப் பக்கம் பழைய கேமராக் கண்காட்சி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஆக்ஃபா கிளிக் 3, எங்கள் வீட்டில் இருந்த அதே கறுப்பு டப்பா. கீழே அட்டையில் எழுதியிருந்தது: "காலாவதியான திரைப்பட வடிவத்தைப் பயன்படுத்தும் கேமரா." ஆங்கிலத்தில் ஃபிலிம் என்று இருந்ததை யாரோ இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். காலாவதி, திரைப்படம், வடிவம்: மூன்று சொல், மூன்றும் தப்பு.

திரைப்படக் கேமரா என்றால் சென்னைக்காரனுக்கு நினைவுக்கு வருவது கோடம்பாக்கமும் டிராலியும்தான். கிளிக் 3 எந்தத் திரையையும் கண்டதில்லை. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம் எடுக்கும். அவை போய்ச் சேர்ந்த இடம் பீரோவுக்குள் இருக்கும் ஆல்பம்.

ஃபிலிம் என்ற சொல்லின் கதை சின்னது. பழைய ஆங்கிலத்தில் சவ்வு, மெல்லிய தோல் என்று பொருள். புகைப்படக்காரர்கள் கண்ணாடியின் மேலும் காகிதத்தின் மேலும் பூசிய ஒளிபடும் பூச்சை அப்படி அழைத்தார்கள். 1889இல் கோடாக் நிறுவனர் ஈஸ்ட்மன் செல்லுலாய்டில் சுருள் போட்டு விற்றார். எடிசனின் பட்டறையில் அந்தச் சரக்கை 35 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி, அசையும் படத்துக்குப் பயன்படுத்தினார்கள். சினிமாவுக்கு ஃபிலிம் என்ற பெயர் ஒட்டியது அதற்கப்புறம்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். இந்த மொழிபெயர்ப்பாளர்களோ பேரன் பெயரைத் தாத்தாவுக்கு வைக்கிறார்கள். இவர்கள் கையில் கொடுத்தால் ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்துஸ்தான் புகைப்படத் திரைப்படங்கள்' ஆகிவிடும்.

சரி, அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? இதை என் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கறாரானவர். "படலம் என்று வை, தம்பி. மூலச்சொல்லுக்கும் சவ்வுதான் பொருள், படலத்துக்கும் சவ்வுதான் பொருள். இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா?" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேர்ப்பொருள் ஒத்துப்போவது சொல்லாராய்ச்சிக்காரர்களுக்கு இனிக்கும்; கடைக்குப் போகிறவனுக்கு உதவாது. 'பழைய படலக் கேமரா' என்று எழுதிப் பாருங்கள். ஒருவர் கண்ணில் படலம் விழுந்ததை நினைப்பார், இன்னொருவர் கம்பனின் ஆற்றுப்படலத்தை நினைப்பார். கேமராவை ஒருவரும் நினைக்க மாட்டார். இது போக, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் படலம் பொருந்தாது. ஃபிலிமில் இரண்டு பங்கு உண்டு: தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் பட்டை, அதன் மேல் ஜெலட்டினில் கலந்து பூசிய வெள்ளி உப்பு. படலம் என்ற பெயர் அந்தப் பூச்சுக்குத்தான் சேரும். முழுப் பொருளுக்கும் அதையே வைத்துவிட்டால் பூச்சுக்கு வேறு பெயர் தேட வேண்டும். சோப்புக் குமிழியின் மென்படலம் என்று இயற்பியல் புத்தகத்தில் வருகிறதே, அந்த இடத்தில் அது ராஜாவாக இருக்கட்டும். ஐயாவிடம் இதைச் சொன்னேன். "நீ கடைக்காரன் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனவன்" என்றார். உண்மைதான்.

என் ஓட்டு படச்சுருளுக்கு. ஓலைச்சுருள், வெற்றிலைச்சுருள் என்று சுருள் நமக்குப் பழகிய சொல். 'படச்சுருள் கேமரா' என்றால் விளக்கம் வேண்டாம். 1982இல் கோடாக் கொண்டுவந்த டிஸ்க் ஃபிலிம் சுருளவே சுருளாதே என்று மடக்குவீர்கள். வட்டத் தட்டின் ஓரத்தில் 15 குட்டிப் படங்கள். அதைப் படத்தட்டு என்று சொல்லிவிட்டுப் போவோம், தனக்கென்று ஒரு சொல் வாங்கும் அளவுக்கு அது நீடிக்கவும் இல்லை. சுருளாகச் சொல்லத் தேவையில்லாத இடத்தில் ஃபிலிம் என்றே எழுதுவேன். எக்ஸ்ரே ஃபிலிமை நம் பாட்டிகளே சொல்கிறார்கள். 'சும்மா ஃபிலிம் காட்டாதே' என்று திட்டும் ஊரில் இந்தச் சொல்லைத் துரத்த முடியுமா? 'திரைப்படம் காட்டாதே' என்றால் திட்டு வாங்கியவன் டிக்கெட் கேட்பான்.

அட்டையில் 'வடிவம்' என்பதை விடுங்கள். அளவு என்று எழுதியிருந்தால் போதும், ஸ்டுடியோவில் சைஸ் என்பார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் 'காலாவதி'யில்தான். காலத்துக்கு வைத்த எல்லை அது. மாத்திரைக்கு உண்டு, பால் பாக்கெட்டுக்கு உண்டு, ஃபிலிம் டப்பாவின் மேலும் தேதி அச்சிட்டிருப்பார்கள். புழக்கம் நின்றுபோனதைச் சொல்ல 'வழக்கொழிந்த' என்று தமிழில் தனிச்சொல் இருக்கிறது. சொல்லும் வழக்கொழியும், பொருளும் வழக்கொழியும். 1963இல் வந்த கோடாக் இன்ஸ்டமேட்டிக் கேமராவின் 126 என்ற ஃபிலிம் கார்ட்ரிட்ஜ் வழக்கொழிந்தது. 1996இல் ஆர்ப்பாட்டமாக வந்த ஏபிஎஸ் என்ற ஃபிலிம் வகையும் அப்படியே. கிளிக் 3-இல் போடும் 120 என்ற அளவு ரோலோ 1901இல் வந்தது, இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதைப் போய்க் காலாவதி என்றால்?

காலாவதியையும் வழக்கொழிவதையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பார்த்தேன். தார்ப்பாயின் மேல் பழைய மிக்ஸிக்கும் செல்போன் சார்ஜர்களுக்கும் நடுவே இன்னொரு கிளிக் 3. கையில் எடுத்ததும் வியாபாரி பதறினார்: "தொறந்துடாதீங்க சார், உள்ள ரோல் இருக்கு, லைட் பட்டுடும்." ரோல் என்றாலும் சுருள்தானே, அவரும் என் கட்சி. காலாவதி ஆனது உள்ளே இருந்த அந்த ரோல். கேமராவுக்குப் புது ரோல் இன்றும் கிடைக்கும். எத்தனையாவது படம் என்று காட்டும் பின்பக்கச் சிவப்பு ஜன்னலை வெயிலுக்கு முதுகு காட்டி, கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். மங்கலாக 7 தெரிந்தது. யார் வீட்டு விசேஷமோ, அதற்கப்புறம் ஐந்து படம் எடுக்கப்படாமலே நின்றிருந்தது.