மைக்ரோஸ்கோப் படத்தை அளக்கப் போகிறீர்களா? முதலில் எண்களைப் பாருங்கள்

போன மாதம் ஆராய்ச்சி மாணவி ஒருவர் பென் டிரைவோடு வந்தார். மருந்து கொடுத்த செல்களில் ஒரு புரதம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளக்க வேண்டும். மூன்று மாத உழைப்பு அந்தப் பென் டிரைவில் இருந்தது. புரதத்தில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து எடுத்த படங்கள் அவை, ஒளி கூடினால் புரதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். படங்களும் பளிச்சென்று இருந்தன.

ஃபிஜி என்ற பட அளவீட்டு மென்பொருளில் ஒரு படத்தைத் திறந்து, வண்ண அமைப்பை 'ஹைலோ'வுக்கு மாற்றினேன். உச்ச அளவைத் தொட்டுவிட்ட பிக்சல்களை அது சிவப்பாகக் காட்டும். மருந்து கொடுத்த செல்களில் பாதிக்கு மேல் சிவந்துவிட்டது.

"எல்லாம் சாச்சுரேட் ஆயிருக்கும்மா."

"கண்ட்ரோலுக்கும் இதுக்கும் ஒரே செட்டிங்லதானே மேடம் எடுத்தேன்?"

ஒரே செட்டிங்தான், அதில் தவறில்லை. ஆனால் மங்கலான கண்ட்ரோல் செல்கள், அதாவது மருந்து கொடுக்காதவை, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்வரை எக்ஸ்போஷரை (கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை) கூட்டி, அதே அளவில் மருந்து கொடுத்த செல்களையும் எடுத்திருந்தார். 8 பிட் படத்தில் ஒரு பிக்சலுக்கு 0 முதல் 255 வரைதான் இடம். படி நிறைந்த பிறகு எவ்வளவு அரிசி கொட்டினாலும் அளவு ஒரு படிதானே? கீழே சிந்தியது கணக்கில் வராது. புரதம் உண்மையில் மூன்று மடங்கு கூடியிருந்தாலும் இந்தப் படம் அதைச் சொல்லாது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

இது அந்தப் பெண்ணின் தவறு மட்டுமில்லை. பல ஆய்வகங்களில் மைக்ரோஸ்கோப் பயிற்சி என்றால், சீனியர் பக்கத்தில் நின்று "இந்தப் பட்டனை அழுத்து" என்று சொல்வதுதான். ஹிஸ்டோகிராம், அதாவது எந்த ஒளி அளவில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடம், பார்க்கச் சொல்லித் தருபவர்கள் குறைவு. எனவே எதில் ஒளி அதிகமாக இருக்குமோ அந்த ஸ்லைடை முதலில் வையுங்கள். அது உச்சத்தைத் தொடாதபடி எக்ஸ்போஷரை அமைத்துக்கொண்டு, அதை மாற்றாமல் மற்றவற்றை எடுங்கள். முதன்மை ஆன்டிபாடி (உங்கள் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மூலக்கூறு) சேர்க்காத ஸ்லைடு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதில் தெரியும் ஒளி உங்கள் புரதத்துடையது அல்ல.

அப்புறம், படத்தை ஜேபெக் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலக் கோப்பை அழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஜேபெக் எண்களையே மாற்றிவிடும். பிக்சல் அளவு, எந்த லென்ஸ் போன்ற விவரங்களும் போய்விடும்.

இரண்டு புரதங்களுக்குப் பச்சை, சிவப்பு என்று தனித்தனிச் சாயம் போட்டு, பச்சையும் சிவப்பும் சேர்ந்து மஞ்சளாகத் தெரிந்தால் இரண்டு புரதங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று எழுதிவிடுகிறார்கள். 1873-லேயே ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே இதற்கு ஒரு வரம்பு சொல்லிவிட்டார். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பால் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. ஒரு புரதமோ சில நானோமீட்டர்தான். அந்த ஒரு மஞ்சள் புள்ளிக்குள் ஒன்றையொன்று தொடாத பல புரதங்கள் இருக்கலாம். இன்னொன்று, ஒரு நிறத்தின் ஒளி அடுத்த சேனலில் (மற்ற நிறத்துக்கான படத்தில்) கசிந்தாலும் மஞ்சள் வரும். ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாகப் போட்ட ஸ்லைடு இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 3 எலிகள், எலிக்கு 100 செல்கள் என்றால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 3. 300 அல்ல. ஒரே எலியின் செல்கள் தனித்தனி மாதிரிகள் ஆகாது. படத்தில் ஒவ்வொரு செல்லையும் கோடு வரைந்து பிரித்துக் காட்ட செல்போஸ், செல்புரொஃபைலர் எல்லாம் அருமையான மென்பொருள்கள், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது வரைந்த கோட்டை மூலப் படத்தின் மேல் வைத்து, குறைந்தது இருபது படங்களையாவது கண்ணால் சரிபார்க்காமல் எண்களை நம்ப மாட்டேன்.

நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் அவருடன் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைப் பார்த்தார்கள். 3.8 சதவீதத்தில் ஒரே படம் மறுபடி வருவது போன்ற சிக்கல்கள் இருந்தன. அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே மாற்றியதற்கான அறிகுறிகள் இருந்தன. மீதியில் கவனக்குறைவும் இருக்கலாம். 'இமேஜ்1', 'புதுசு', 'ஃபைனல்' என்று கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கம் அந்தக் கவனக்குறைவில்தான் கொண்டுபோய் விடும்.

அந்த மாணவி புதிய ஸ்லைடுகளோடு மறுபடி வந்தார். இம்முறை 12 பிட், அதாவது 0 முதல் 4095 வரை. மருந்து கொடுத்த ஸ்லைடுக்கு எக்ஸ்போஷரை அமைத்துவிட்டு, கண்ட்ரோலை வைத்ததும் திரை கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது.

"ஒண்ணுமே தெரியலையே மேடம்."

கர்சரைச் செல்லின் மேல் வைக்கச் சொன்னேன். அந்தப் பிக்சலின் எண் 340. பக்கத்தில் வெற்றிடத்தில் 110. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், நோட்டை எடுத்து எக்ஸ்போஷர் அளவை எழுதிக்கொண்டார்.