தெருவில் தவிக்கும் மனநோயாளி: ஸ்டேஷனுக்கும் ஜி.ஹெச்.சுக்கும் நடுவே அலையாமல் இருக்க

பஸ் ஸ்டாண்டில் தன்னிலை மறந்து திரியும் ஒருவருக்காக ஸ்டேஷனுக்குப் போனால் "கோர்ட் ஆர்டர் வேணும்" என்கிறார்கள். நாமே மருத்துவமனைக்கு அழைத்துப்போனால் "போலீஸ் மெமோ எங்கே, அட்டெண்டர் யாரு?" என்கிறார்கள். அதற்குள் அந்த ஆள் எழுந்து எங்கேயோ போய்விடுகிறார்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதில் 100ஆம் பிரிவை மட்டும் நினைவில் வையுங்கள். மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோவது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. கோர்ட் ஆர்டர் கேட்பதெல்லாம் இதற்கு முன்பிருந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் மிச்சம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 24 மணி நேரம், பாதுகாப்பில் எடுத்த பிறகுதான் ஓடத் தொடங்கும். எடுக்காமலே இழுத்தடிக்கலாம், இழுத்தடிக்கிறார்கள். அதனால் வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். இடம், நேரம், ஆளின் நிலை, "பிரிவு 100" எல்லாம் போட்டு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கேளுங்கள். ரசீது எழுத வேண்டும் என்றதுமே பல ஸ்டேஷன்களில் ஜீப் கிளம்பிவிடும்.

மருத்துவமனையில் ஆதார், ரேஷன் கார்டு கேட்டுத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும் அரசு மனநல சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும்தான். இது 18ஆம் பிரிவு.

பலரும் ஏமாறுவது இதற்கு அப்புறம்தான். டாக்டர் பார்த்துவிட்டு "அட்மிஷன் தேவையில்லை" என்றால் ஆளை வாசலில் விட்டுவிட்டுப் போலீஸ் போய்விட முடியாது. வீட்டிலோ, வீடு இல்லையென்றால் அரசு காப்பகத்திலோ கொண்டுபோய் விடுவதும் அவர்கள் பொறுப்பே. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். அந்த எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையிலும் அதைச் சொல்லி வையுங்கள், குடும்பம் தேடி வந்தால் உதவும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துப் பெயர்கள் எழுதிய சீட்டு கட்டாயம் வேண்டும். அப்புறம், மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிழமை மாறிப் போனால் "டாக்டர் இல்லை" என்பார்கள். மாத்திரை தீரும் நாளுக்கு முந்தைய முகாமுக்குப் போங்கள். தேதி தெரியாமல் திண்டாடினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைத்துக் கேளுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.