இறுவட்டில் உள்ள படமும் இணையத்தில் வரும் படமும்

இரவுக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலா வெளிச்சத்தில் கடல், மேலே கருநீல வானம். இணையத்தில் ஓடவிட்டால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். இருட்டு மூலைகளில் சின்னச் சதுரங்கள் நெளியும். அதே படத்தைப் புளூ-ரே இறுவட்டில் போட்டால் வானம் வழுவழுவென்று இருக்கும். இரண்டும் 1080 வரிப் படம்தான். ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு வந்து சேர்கிறது என்பதுதான் வேறு.

புளூ-ரேயில் காட்சிக்கு மட்டும் செக்கனுக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. டிவிடியில் 9.8. ஒருகாலத்தில் கலியாண வீடும் சாமத்திய வீடும் பதிந்து கொடுத்த வீசீடியில் வெறும் 1.15. இணையச் சேவைகளில் முழு எச்டி (1080 வரி) படத்துக்கு 5 மெகாபிட் இணைப்பே போதும் என்கிறார்கள். அதைவிடக் கூர்மையான 4கே படத்துக்கு நெட்பிளிக்ஸ் கேட்பது 15. புதிய சுருக்கும் முறைகள் குறைந்த தரவிலும் நல்ல படம் தரும் என்பது உண்மை. ஆனாலும் தரவைக் குறைக்க வேண்டி வந்தால், கண் அதிகம் கவனிக்காத இருட்டிலும் பிலிமின் பொடிப்புள்ளிகளிலும்தான் சுருக்கும் மென்பொருள் முதலில் கைவைக்கும். அதனால்தான் வானம் கெடுகிறது.

சேவை வழங்கி ஒரே படத்தைப் பல தரங்களில், சில செக்கன் நீளத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். கடைசித் துண்டு எவ்வளவு வேகமாக வந்தது என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று நீங்கள் படம் பார்க்கும் கருவி முடிவு செய்யும். மாலை 7 மணிக்கு எல்லாரும் ஒரே கைபேசிக் கோபுரத்தைப் பாவிக்கும்போது முகங்கள் மங்குவது இதனால்தான். 15 மெகாபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 6.75 கிகாபைட், இரண்டரை மணித்தியாலப் படம் கிட்டத்தட்ட 17 கிகாபைட். கைபேசி டேட்டாவில் பார்ப்பவர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கப்போகும் படத்துக்கு இணையமே போதும். திரும்பத் திரும்பப் பார்க்கும் படத்துக்குப் போதாது. சேவையின் ஒப்பந்தம் முடிந்தால் படம் பட்டியலிலிருந்து போய்விடும். காசு கொடுத்து 'வாங்கிய' படமும் பெரும்பாலும் பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே.

இறுவட்டு கையில் இருக்கும். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. எது முதலில் சாகும் என்று தெரிந்துகொள்ள அதன் உள்ளமைப்பு தெரிய வேண்டும். டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்ரிக் தட்டுகளை ஒட்டியது. தரவு நடுவில், சுற்றிச் சுற்றி ஓடும் வரிகளாக இருக்கிறது. வரிக்கும் வரிக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீற்றர், ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் ஏறக்குறைய நூறு வரிகள் அடங்கும். சீடியிலும் வீசீடியிலும் தரவு எழுத்துள்ள மேல்பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே கிடக்கிறது. அதனால் சீடியைக் கவிழ்த்து மேசையில் வைப்பதுதான் ஆபத்து. அடிப்பக்கக் கீறலைத் துடைத்தெடுக்கலாம். மேல்பூச்சு உரிந்தால் தரவே உரிந்துவிடும்.

டிவிடி கீறலைத் தாங்குவதற்கும் காரணம் உண்டு. 32 கிலோபைட் தரவை 192 நிரை, 172 நிரலுள்ள கட்டமாக அடுக்கி, குறுக்கும் நெடுக்கும் சரிபார்ப்பு எண்கள் சேர்த்திருப்பார்கள். ஒரு வரி நெடுகச் சுமார் 6 மில்லிமீற்றர் அழிந்தாலும் மீதியிலிருந்து கணக்கிட்டு மீட்க முடியும். எனவே துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் ஒரே வரியை நீளமாக அழிக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தால் விழும் கீறல் ஒவ்வொரு வரியையும் ஒரு புள்ளியில் மட்டுமே வெட்டும். சில துளி சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

வீட்டில் எழுதிய வட்டுத்தான் பெரிய கவலை. கடையில் வாங்கிய படத்தின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். அதில் குழிகளை அச்சில் அழுத்தியிருப்பார்கள். எழுதும் வட்டின் அடிப்பக்கம் ஊதா அல்லது நீலம் அல்லது பச்சை கலந்திருக்கும், அது சாயம். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு எழுதுகிறது, வெயிலும் வெப்பமும் மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்கின்றன. ஓட்டுக்குக் கீழே, யன்னலோர அலுமாரியில் வைத்த கலியாண டிவிடி இப்படித்தான் போகிறது. குருநகர், வல்வெட்டித்துறை போன்ற கரையோர வீடுகளில் உப்புக் காற்றும் மாரிக்கால ஈரமும் சேர்கின்றன. ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தால் ஈரம் உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். சீடியை ரியூப் லைற்றுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஊசித்துளை போல் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் உலோகம் இல்லை. மேலே வட்டத் தாள் ஒட்டுவதும் வேண்டாம். அது ஒருபக்கம் பாரமாகி, வேகமாகச் சுழலும் வட்டை ஆட்டும். பெயரை நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் எழுதலாம்.

பிரதி எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கணினியில் சாதாரணமாகப் பிரதி எடுத்தால் முதல் பழுதிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயலும். எது விடுபட்டது என்று குறிப்பும் வைக்கும். அதே குறிப்போடு வட்டை இன்னொரு ட்ரைவில் போட்டால் விடுபட்டதை மட்டும் படிக்கும். ஒரு ட்ரைவ் படிக்காததை மற்றது படிப்பது அடிக்கடி நடக்கிறது. நூறு ஒற்றை அடுக்கு டிவிடிகளுக்கு 470 கிகாபைட் போதும். ஒரு பிரதி வீட்டில், மற்றது வெளிநாட்டிலுள்ள சகோதரரிடம்.

வெளிநாட்டு உறவினர் படம் வாங்கி அனுப்பும்போது, வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று குறிக்கும் வலயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கனடா டிவிடி வலயம் 1, லண்டன் டிவிடி வலயம் 2, நமது இலங்கைப் பிளேயர் வலயம் 5. புளூ-ரேயில் கனடா ஏ, லண்டன் பி, நாங்கள் சி. 4கே வட்டுக்கு வலயமே இல்லை.

வீசீடிக்கு டிடிரெஸ்கியூ சரிவராது. அதன் காட்சித் தரவில் டிவிடி போன்ற மேலதிகத் திருத்த எண்கள் இல்லை. இடம் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டார்கள். எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் உள்ள டாட் (.DAT) கோப்பைக் கணினியில் பிரதி எடுத்து விஎல்சி என்ற மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். தாங்கும் சக்தி மிகக் குறைந்தது வீசீடிதான், ஆகவே பிரதி எடுக்க வேண்டியது முதலில் வீசீடிகள், அடுத்து ஊதா அடியுள்ள டிவிடிகள். வெள்ளி வட்டுகள் பொறுத்திருக்கும்.